மெத்தையில் விழுந்தவன் சம்பந்திக்கு எழுதுவது

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும், சம்பந்தியம்மா அவர்களுக்கும்,

வணக்கம். இக்கடிதம் தங்களை நல்ல உடல்நிலையிலும், முடிந்தால் உட்கார்ந்த நிலையிலும் வந்தடையும் என்று நம்புகிறேன். நின்றுகொண்டு படிக்கிற கடிதம் அல்ல இது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் வலது கால் மாவுக்கட்டோடு முக்காலி மேல் கிடக்கிறது, என் மனைவி என்னோடு பேசுவதில்லை, உங்கள் மகள் யாரோடும் பேசுவதில்லை, உங்கள் மாப்பிள்ளை எல்லோரோடும் "விடுங்கப்பா" என்ற ஒரே வார்த்தையை மட்டும் பேசுகிறான். ஆகவே நலம் என்ற பகுதியைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்ளவும்.

இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, உங்கள் மகளை மறுபடியும் மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்ல வேண்டும். எழுதுவது நான்தானா என்று கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். நான்தான். கல்யாணமான புதிதில் "வீட்டுக்கு வந்த பெண் டுபுடுபு என்று வண்டியில் கிளம்பிப் போவது நன்றாக இல்லை, தாங்கள் கண்டித்து வைக்க வேண்டும்" என்று நாலு பக்கம் எழுதினேனே, அதே நான். அதற்குத் தாங்கள், "அவள் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவள், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கத்தும்போது இவள் ஆடி அசைந்து போக முடியாது" என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள். என்னுடைய நாலு பக்கம் தங்களிடம் இன்னும் இருந்தால் தயவுசெய்து அடுப்பில் போடவும்.

தாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மகளின் தோள்கட்டைப் பார்த்தீர்கள், கைக்கட்டைப் பார்த்தீர்கள். எப்படி விழுந்தோம் என்று கேட்கிற நிலையில் தாங்கள் இல்லை, வாயைத் திறக்கிற தைரியம் எனக்கும் இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்குக் கண் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகிறேன் என்றேன். "பஸ் நம்பர் தெரியாமத்தானே மாமா கண் டாக்டர்கிட்ட போறீங்க, ஏறுங்க" என்று சொல்லி என் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி தாடைக்குக் கீழே வாரையும் கட்டிவிட்டாள். நிதானமாகத்தான் ஓட்டினாள், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். எங்களுக்கு முன்னால் ஒரு வேன், வேன் தலைமேல் புது மெத்தைகள், அதற்கு மேலே பேருக்கு ஒரு கயிறு. "அந்தக் கயிறு சரியில்ல மாமா, தள்ளியே போவோம்" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கயிறு அறுந்தது, மேலே இருந்த மெத்தை கம்பளம் விரித்த மாதிரி பறந்து வந்து எங்கள் முன்னால் இறங்கியது. பிரேக் போட்டாள். வண்டி சறுக்கியது. நான் மெத்தையில் விழுந்தேன். உங்கள் மகள் ரோட்டில் விழுந்தாள்.

இந்த இரண்டு வரியை எழுத எனக்கு இரண்டு தம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது, சம்பந்தி. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தை. ஒரு சிராய்ப்பு கிடையாது. மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. கூடிய கூட்டம், வயசான மனுஷன் என்று என்னைத்தான் சூழ்ந்துகொண்டு விசிறியது. "என்னை விடுங்கய்யா, அந்தப் பொண்ணைப் பாருங்கய்யா" என்று நான் அலறினால், "பெரியவர் அதிர்ச்சியில உளர்றாரு, யாராவது தண்ணி குடுங்கப்பா" என்கிறார்கள். வேன் டிரைவர் குனிந்து, "சார், மெல்ல எந்திரிக்கிறீங்களா, இது இன்னைக்கு டெலிவரி குடுக்க வேண்டியது" என்றான். அதற்குள் உங்கள் மகள், கழுத்துக்குக் கீழே எலும்பு முறிந்து, மணிக்கட்டு திரும்பி, ரோட்டில் கிடந்தபடியே, "மாமா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எனக்கு மெத்தைக்காரர் என்று பெயர். மாடிவீட்டு வாடகைக்காரர் என்னைப் பார்த்தாலே, "வாங்க சார், எங்க வீட்ல மரநாற்காலிதான் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்கிறார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து, என் குரலைக் கேட்டு ஆயிரம் ஜனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடின காலம் போய், இப்படி ஒரு காலம்.

சரி, எலும்பு கூடிவிட்டது. எலும்பு டாக்டர் கையை இப்படி அப்படித் திருப்பிப் பார்த்து, "இனிமே தாராளமா வண்டி ஓட்டலாம்மா" என்று சொல்லிவிட்டார். நானும் வீட்டுக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தி நிறுத்தியிருந்த வண்டியைத் துடைத்து வைத்தேன். மறுநாள் காலையில் அவள் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள், வண்டியைப் பார்த்தாள், தூங்குகிற நாயைத் தாண்டுகிற மாதிரி ஓரமாக ஒதுங்கி நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். அதற்கு மறுநாளும் அப்படியே. அந்தப் பையைத் தாங்கள் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருநாள் உதவி செய்கிறேன் என்று தூக்கினேன், பை அப்படியே இருந்தது, நான்தான் குனிந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி அவள் போய்ச் சேருவதற்குள் லிஃப்டுக்குள் மாட்டினவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்களாகிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பல் டாக்டர், பிடுங்கப் போகிற பல்லுக்கு ஊசி போட்டு மரக்க வைத்த கையோடு, எக்ஸ்ரே எடுக்க நோயாளியைக் கீழ்மாடிக்குக் கூட்டிப்போகிறேன் என்று லிஃப்டில் ஏறி, நடுவழியில் மாட்டிக்கொண்டார். உங்கள் மகள் போவதற்குள் மரப்பு முழுக்கத் தெளிந்துவிட்டது. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லையாம்.

இதைக் கேட்டுவிட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய மேலதிகாரி கூப்பிட்டு, "உன்னை ஆபீஸ்ல போன் எடுக்கிற சீட்டுக்கு மாத்திடலாமா? யோசிச்சு திங்கட்கிழமை சொல்லு" என்று கேட்டிருக்கிறார். யோசிக்கும் வரை பழகிப் பார்க்கட்டும் என்று அங்கேயே உட்காரவும் வைத்துவிட்டார். அதாவது, ஊரில் எங்கே லிஃப்ட் நின்றாலும் போன் இவளுக்கு வரும், இவள் "பதறாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. சம்பந்தி, அந்த வேலை எனக்குத் தெரியும். முப்பது வருஷம் அதைத்தான் செய்தேன். "வண்டி வந்துகொண்டிருக்கிறது" என்று மைக்கில் சொல்வேன், வருகிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது, ஜனங்கள் என் முகம் தெரியாமல் ஒலிபெருக்கியைப் பார்த்துத் திட்டுவார்கள். எனக்கு அது பொருந்தியது. நான் உட்கார்ந்தே பிறந்தவன். இவள் அப்படியில்லை. இருட்டில் லிஃப்ட் கதவை நெம்பித் திறந்து, உள்ளே வியர்த்து நிற்கிறவர்களிடம் கையை நீட்டுகிறவள். இப்போது அங்கே தேவையே இல்லாத பையைத் தினமும் தூக்கிப்போய், சாயங்காலம் வந்து கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, சாப்பிட என்ன என்றுகூடக் கேட்காமல் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருகிறாள். அந்தச் சுவரில் ஒன்றுமே இல்லை, நானும் போய்ப் பார்த்துவிட்டேன்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. என் மனைவி, "விழுந்த குழந்தையை ஓடிப்போய்த் தூக்கினாத்தாங்க அழும். பார்க்காத மாதிரி இருங்க, தானா எழுந்திரிக்கும்" என்றாள். பார்க்காத மாதிரி இருப்பது என் உடம்புக்கு ஒத்துவராத காரியம். இருந்தும் அடக்கிக்கொண்டு, வண்டிப் பக்கமே திரும்பாமல் நடந்ததில் அதன் மிதிகட்டையில் இரண்டு தடவை முழங்காலை இடித்துக்கொண்டேன். பிறகு, மூடி வைத்த வண்டி துருப்பிடிக்கும், பேட்டரி செத்துப்போகும், டயரில் எலி குடித்தனம் வைக்கும் என்று யாருக்கோ சொல்வதுபோலக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் மாப்பிள்ளை பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே, "விடுங்கப்பா, அவளா வருவா" என்றான். இவன் கணக்கு வாத்தியார், இவனுக்கு எல்லாம் தானாகவே வரும், விடைகூட.

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன். "அம்மா, கண் டாக்டர்கிட்ட அன்னைக்குப் போகவே இல்லையே, இன்னைக்கு என்னை வண்டியில கூட்டிட்டுப் போறியா?" என்றேன். அவள் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது.

"வேற யாரை வேணும்னாலும் ஏத்துவேன் மாமா. உங்களை ஏத்த மாட்டேன்" என்றாள்.

"ஏம்மா? நான் அவ்வளவு கனமா?"

"விழும்போது கத்தினீங்களே. அந்தச் சத்தம் இன்னும் என் காதுக்குப் பின்னாலயே இருக்கு. வண்டி சாவியைத் தொட்டாலே கேக்குது."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தம் எனக்கும் ஞாபகம் இருந்தது, ஆனால் அவள்தான் கத்தினாள் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நானாம். மூன்று பிளாட்பாரத்துக்கு ஒரே நேரத்தில் கேட்கிற குரல், சம்பந்தி. மைக் கெட்டுப்போன நாட்களில் மைக் இல்லாமலே அறிவிப்புச் செய்த குரல். அதை, அந்தப் பிள்ளையின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, முழு மூச்சையும் விட்டுக் கத்தியிருக்கிறேன். எலும்பை ஒட்ட வைக்க டாக்டர் இருக்கிறார், காதில் விழுந்த சத்தத்தை எடுக்க யார் இருக்கிறார்? அவளை ஓட்டவிடாமல் செய்தது மெத்தையும் இல்லை, வேன்காரனும் இல்லை, நான்.

இதற்கு மேல்தான் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம் என்று என் மனைவி கருதுகிறாள். நான் நினைத்தது இதுதான்: வண்டி என்பது ஒன்றும் பூதம் இல்லை, இந்தக் கிழவனே ஓட்டுகிறான் பார் என்று அவள் கண்முன்னால் ஓட்டிக் காட்டினால், வெட்கத்துக்காவது ஏறிவிடுவாள். எங்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எப்போது வண்டி தயாராகும் என்று யார் கேட்டாலும் அடுத்த வாரம் என்பார், அதனால் அவர் பெயரே அடுத்தவாரம் ஆகிவிட்டது. அவரிடம் போய் இரகசியமாக, எனக்கு வண்டி கற்றுக்கொடுக்க வேண்டும் என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர், "இன்னைக்கே வாங்க ஐயா" என்றார். விதி அப்படித்தான் வேலை செய்யும்.

வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போனபிறகு, வண்டியை அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, சலவைக்கூடத்துக்குப் பக்கத்திலிருக்கிற வெறும் மைதானத்துக்குப் போனோம். முன்னால் என்னை உட்கார வைத்தார். "கிளட்ச்சைக் கோழிக்குஞ்சைப் பிடிச்ச மாதிரி பிடிச்சு, மெதுவா, மெதுவா விடணும் ஐயா" என்றார். நான் வாழ்நாளில் கோழிக்குஞ்சைப் பிடித்ததில்லை. விட்டேன். குஞ்சு பறந்தது. அடுத்தவாரம் "பிரேக்கு, பிரேக்கு" என்று பின்னாலேயே ஓடிவருகிறார், எனக்கு எது பிரேக் என்று கேட்க அவகாசமில்லை, வண்டி மைதானத்தைத் தாண்டி, சலவைக்காரர் வரிசை வரிசையாக உலர்த்தியிருந்த வெள்ளைப் போர்வைகளுக்குள் நுழைந்துவிட்டது. ஒன்று முகத்தில், ஒன்று தோளில், ஒன்று கைப்பிடியில். கல்யாண வீட்டுப் பந்தல் கழன்று ஓடுகிற மாதிரி இருந்ததாகச் சலவைக்காரர் பிறகு சொன்னார். கண் தெரியவில்லை, ஆனால் விழப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒன்று மட்டும் முடிவு செய்தேன், சம்பந்தி. கத்தக்கூடாது. என்ன ஆனாலும் கத்தக்கூடாது. பல்லைக் கடித்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மோதி, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கணுக்கால் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் விழுந்தேன். மூச்சுக்கூட விடவில்லை. இதனால் ஏற்பட்ட ஒரே விளைவு, போர்வைகளுக்கு நடுவில் நான் எங்கே கிடக்கிறேன் என்று யாருக்கும் தெரியவில்லை. பத்துப் பேர் ஒவ்வொரு போர்வையாகத் தூக்கிப் பார்த்துத் தேடியிருக்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு அடுத்தவாரம் போன் செய்துவிட்டார். அவள் வரும்போது நான் இன்னும் போர்வையோடுதான் கிடந்தேன். பையைப் போட்டுவிட்டு மண்டியிட்டு, என் கணுக்காலைத் தொட்டாள். பிறகு, ஆறு வருஷத்தில் முதல்தடவையாக, என்னைப் பார்த்துக் கத்தினாள். "உங்களுக்கு என்ன மாமா, பைத்தியமா புடிச்சிருக்கு? இந்த வயசுல யாரு உங்களை வண்டி எடுக்கச் சொன்னா?" நல்ல குரல்தான், அவளுக்கும் அறிவிப்பாளர் வேலை கிடைத்திருக்கும். வாடகைக் காரில் ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அதே எலும்பு டாக்டர் எங்களைப் பார்த்து, "குடும்பமா வர்றீங்க, அடுத்தது யாரு?" என்று கேட்டார்.

மாவுக்கட்டு காய்வதற்காக என்னை நடைபாதையில் ஒரு பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் சமாதானம் சொல்கிறேன் என்று, "நான்தான் கத்தவே இல்லையேம்மா. அடுத்தவாரத்தைக் கேளு. ஒரு சத்தம் போடலை" என்றேன்.

"அதான் மாமா பயமா இருந்துச்சு" என்றாள். "அங்க வந்து நின்னேன். உங்க சத்தமே இல்ல. ஒரு நிமிஷம் நான் என்ன நினைச்சேன் தெரியுமா?"

கத்தினாலும் குற்றம், கத்தாவிட்டாலும் குற்றம். இனி எனக்குத் தெரிந்த வழி ஒன்றும் இல்லை, சம்பந்தி. வண்டி அடுத்தவாரத்திடம் கிடக்கிறது. சலவைக்காரர் தெருவில் என்னைத் தேடுகிறார். என் மனைவி காப்பித் தம்ளரை என் முன்னால் வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். உங்கள் மகளோ நேற்றைக்கு, "திங்கட்கிழமை போன் சீட்டுக்குச் சரின்னு சொல்லிடப் போறேன் மாமா, அதுவும் வேலைதானே" என்றாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். கரண்ட் போன வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. பஸ்ஸுக்குப் போக வாசலில் அவள் இறங்குவதைப் பார்க்கிறபோதெல்லாம், அந்த டுபுடுபு சத்தம் தெருமுனை திரும்பி வந்து வாசலில் அணைந்தால்தான் இந்த வீட்டில் சாயங்காலம் ஆகும் என்று இருந்தோமே, அது எத்தனை பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது. அதை நிறுத்தச் சொல்லித்தான் நான் நாலு பக்கம் எழுதினேன்.

தாங்கள் சொன்னால் அவள் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடவும். திட்டினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, அவளைச் சாவியைத் தொட வையுங்கள். பின்னால் நான் ஏறுவதில்லை என்று எழுதிக்கொடுக்கவும் தயார்.

சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பெரியவர்களுக்கு என் பணிவையும், பிள்ளைகளுக்கு ஆசியையும், தங்களுக்கு என் ஒற்றைக்காலில் நிற்கும் வணக்கத்தையும் தெரிவித்துக்கொள்கிறேன். எல்லோரும் நீண்ட காலம், முடிந்தவரை நாலு சக்கரத்தின் மேல், நலமாக இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்குள் கீழ்க்கண்டது நடந்துவிட்டது. அடுத்தவாரம் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். வண்டி தனியாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. உங்கள் மகள், பெட்ரோல் வீணாகிறதே என்று அணைக்கத்தான் வெளியே போனாள். சாவியில் கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "ஹெல்மெட்டை எங்க வச்சீங்க மாமா? பிரேக் சரியாப் போட்டிருக்காரான்னு தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றாள். கட்டிலுக்குக் கீழே என்று கையால் காட்டினேன், குரலை நம்பாமல். போனாள். தெருமுனைக்குப் போகிறவள் தெருமுனைக்குப் போய்த் திரும்பி வர வேண்டுமா இல்லையா? வரவில்லை. காப்பி ஆறியது. என் மனைவி என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள், "இன்னும் காணோமேங்க" என்று. ஒரு லாரி ஹார்ன் அடித்தது, என் உயிர் ஒரு தடவை போய் வந்தது. ஒரு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது, அது வேறு பக்கம் போய்விட்டது, ஆனால் எனக்குப் பாதி உயிர்தான் திரும்பி வந்தது. மாவுக்கட்டோடு நொண்டி வாசல்படி வரைக்கும் போய்விட்டேன். அப்போதுதான் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினால் முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு. எங்கேம்மா போனே என்றால், "டேங்க் காலியா இருந்துச்சு மாமா, நிறைய ரொப்பிட்டு வந்தேன்" என்கிறாள்.

டேங்க் நிறைய, சம்பந்தி! பிரேக் சோதிக்கிறவள் டேங்க் நிறைய எதற்குப் போட வேண்டும்? நாளைக்கும் போகப் போகிறாள், நாளை மறுநாளும் போகப் போகிறாள், மழை, லாரி, கயிறு அறுந்த வேன் எல்லாவற்றுக்கும் நடுவில் தினமும் போகப் போகிறாள், நான் இந்த ஜன்னலிலேயே உட்கார்ந்து செத்துப் பிழைக்கப் போகிறேன். ஆகையால் மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, இனி வண்டியைத் தொடவே கூடாது என்று உங்கள் மகளைக் கண்டித்து வைக்க வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.